பின்தங்கியவர் துணை வேட்பாளரை முன்கூட்டியே அறிவித்தால் பலன் உண்டா?

கேள்வி இது: அமெரிக்க அதிபர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில், அதாவது பிரைமரியில், பின்தங்கி நிற்கும் ஒருவர் கட்சி மாநாடு வரை காத்திருக்காமல் தன் துணை அதிபர் வேட்பாளர் இன்னார் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் ஆட்டம் மாறுமா? 2016-ல் குடியரசுக் கட்சிப் போட்டியில் டெட் க்ரூஸ் அப்படிச் செய்தும் ஒரே வாரத்தில் போட்டியை விட்டே விலகினாரே, அந்த யோசனையே தப்பா, அவர் செய்த விதம் தப்பா?

செய்த விதம்தான் தப்பு என்பேன். குறிப்பாக, செய்த நேரம். இதை "முன்கூட்டியே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கட்சி மாநாட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அது முன்கூட்டியேதான். ஆனால் மக்கள் வாக்குப் போடுகிற நாட்களை வைத்து எண்ணிப் பாருங்கள். க்ரூஸ் அறிவித்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் போட்டி முடிந்துவிட்டது. அவருக்கு நாற்பது வருடம் முன்பு ரொனால்ட் ரீகன் இதையே செய்தபோது கடைசி பிரைமரியும் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. இருவருமே வேறு வழி எதுவும் இல்லாதபோதுதான் இந்தச் சீட்டை எடுத்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பெயரால் வாங்க முடிவது இரண்டு நாள் செய்தி மட்டும்தான்.

பின்னணி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் துணை அதிபர் வேட்பாளருக்கென்று தனியாகப் பிரைமரி கிடையாது. ஜெயித்தவர் தனக்குப் பிடித்தவரைச் சொல்வார், கோடையில் நடக்கும் மாநாடு கைதட்டி ஒப்புக்கொள்ளும். ஆகவே இன்னும் ஜெயிக்காத ஒருவர் பெயர் சொல்வது, தன் கையில் இல்லாத ஒன்றை இன்னொருவருக்குத் தருவதாக வாக்குக் கொடுப்பது மாதிரி. அந்தப் பதவி சின்னதும் இல்லை. அதிபர் இறந்தோ ராஜினாமா செய்தோ துணை அதிபர் அதிபரானது இதுவரை ஒன்பது முறை நடந்திருக்கிறது. இதை வெறும் விளம்பர உத்தியாகப் பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது 1976. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் அந்த ஒரு கோடைக்காலத்திலேயே இருக்கிறது.

குடியரசுக் கட்சியில் பதவியிலிருந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து முன்னாள் கலிஃபோர்னியா கவர்னர் ரீகன் நின்றார். ஆரம்பத்தில் அடுத்தடுத்துத் தோற்றார். மார்ச் 23-ல் வட கரோலினாவில் எழுந்தார், மே 1-ல் டெக்சாஸை முழுசாக அள்ளினார். ஜூனில் எல்லா பிரைமரியும் முடிந்தபோது, வெற்றிக்குத் தேவையான 1,130 பிரதிநிதிகள், அதாவது மாநாட்டில் வாக்களிப்பவர்கள், இருவர் கையிலும் உறுதியாக இல்லை. ஃபோர்டு கொஞ்சம் முன்னே, ரீகன் கொஞ்சம் பின்னே. நடுவில் எந்தப் பக்கமும் சாயாத சில டஜன் பேர். வெள்ளை மாளிகை அழைப்பு, அதிபரோடு விருந்து, தொலைபேசியில் நலம் விசாரிப்பு என்று அவர்களை ஒவ்வொருவராக இழுக்கும் வசதி ஃபோர்டுக்கு இருந்தது, ரீகனுக்கு இல்லை. ஜூலை கடைசியில் ஏதோ ஒரு நாள் ஃபோர்டு தரப்பு "எண்ணிக்கை வந்துவிட்டது, முடிந்தது" என்று அறிவித்துவிடும் என்பது ரீகனின் பிரசாரத் தலைவர் ஜான் சியர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதைத் தடுக்கத்தான் ஜூலை 26-ம் தேதி அந்த அறிவிப்பு. பென்சில்வேனியா செனட்டர் ரிச்சர்ட் ஷ்வைக்கர்தான் என் துணை வேட்பாளர் என்றார் ரீகன். ஷ்வைக்கர் கட்சியின் தாராளவாதப் பக்கத்தைச் சேர்ந்தவர், தொழிற்சங்கங்களுக்கு வேண்டியவர். ரீகனோ பழமைவாதிகளின் நாயகன். இருவருக்கும் அதற்கு முன் பழக்கமே கிடையாது. ரீகனின் நண்பரும் நெவாடா செனட்டருமான பால் லாக்சால்ட், செனட்டில் ஷ்வைக்கருக்குப் பக்கத்து இருக்கைக்காரர். அந்த அறிமுகத்தை வைத்துத்தான் பேச்சு ஆரம்பித்தது. ஷ்வைக்கரைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துப்போய் ரீகனோடு சில மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

சியர்ஸின் கணக்கு என்ன? பென்சில்வேனியாவுக்கு 103 பிரதிநிதிகள். அவர்களில் ஒரு பகுதியை ஷ்வைக்கர் பிரித்துக்கொண்டு வந்தால் போதும், வடகிழக்கு மாநிலங்களில் இன்னும் சிலர் தொடர்ந்து வருவார்கள். குறைந்தபட்சம், ஃபோர்டின் எண்ணிக்கை அறிவிப்பு தள்ளிப்போகும்.

தள்ளிப்போனது உண்மை. இதைப் பலரும் சொல்வதில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும்: அந்த அறிவிப்பால்தான் ரீகன் மாநாடு வரை உயிரோடு போனார். அது இல்லையென்றால் ஆகஸ்டுக்கு முன்பே கதை முடிந்திருக்கும் என்பது சியர்ஸின் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. கெட்டது வேறு பக்கத்திலிருந்து வந்தது.

பென்சில்வேனியா பிரதிநிதிகளுக்கான ஃபோர்டு தரப்புத் தலைவர் ட்ரூ லூயிஸ். ஷ்வைக்கருக்கு நெடுநாள் நண்பர், அவருடைய அரசியலுக்குத் துணை நின்றவர். ஷ்வைக்கர் முதலில் கூப்பிட்டதே அவரைத்தான். நண்பனுக்காக மாறுவார் என்று நம்பினார்கள். லூயிஸ் முடியாது என்றுவிட்டார். ஃபோர்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி பின்வாங்க முடியாது என்பதுதான் அவருடைய நிலை. அவர் நகராததால் அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் நகரவில்லை. கடைசி வாக்கெடுப்பில் பென்சில்வேனியாவிலிருந்து ரீகனுக்குக் கிடைத்தது சுமார் பத்தில் ஒரு பங்கு.

தெற்கே நடந்தது இன்னும் மோசம். மிசிசிப்பிக்கு 30 வாக்குகள். பெரும்பான்மை எந்தப் பக்கமோ மொத்த வாக்கும் அந்தப் பக்கம் என்ற வழக்கம் அங்கே இருந்தது. மாநிலக் கட்சித் தலைவர் கிளார்க் ரீட் ரீகன் பக்கம் சாய்ந்தவராகவே கருதப்பட்டார். ஷ்வைக்கர் பெயரைக் கேட்டதும் அவர் ஃபோர்டிடம் போய்விட்டார். டெக்சாஸின் ஜான் கோனலி, அதுவரை யாருக்கும் ஆதரவு சொல்லாமல் இருந்தவர், மறுநாளே ஃபோர்டுக்கு ஆதரவு என்று அறிவித்தார். வட கரோலினாவில் ரீகனைத் தூக்கி நிறுத்திய செனட்டர் ஜெஸி ஹெல்ம்ஸ் கொதித்துப் போனார். ஃபோர்டு வாய்ப்பை விடாமல் அந்த மாதக் கடைசியில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகருக்கே நேரில் போய் நின்றார். பறக்கிறதைப் பிடிக்கப் போய் இருக்கிறதை விட்ட கதை என்பார்களே, அது.

இவர்களுக்கு ஏன் இத்தனை கோபம் என்று புரிய, அதற்கு முந்தைய வருடத்தைப் பார்க்க வேண்டும். ஃபோர்டின் துணை அதிபராக இருந்த நெல்சன் ராக்ஃபெல்லர் கட்சியின் தாராளவாதப் பக்கத்தின் முகம். பழமைவாதிகள் கொடுத்த நெருக்கடியில் அவர் அடுத்த தேர்தலில் தன் பெயர் வேண்டாம் என்று 1975 நவம்பரிலேயே ஒதுங்கினார். அவ்வளவு பாடுபட்டு அகற்றிய ஒரு தரப்பின் ஆளை, தங்கள் சொந்த நாயகனே கையைப் பிடித்துக் கூட்டி வந்தால் எப்படி இருக்கும்? ரீகனைப் பின்தொடர்ந்தவர்கள் அவர் ஜெயிப்பார் என்பதற்காக மட்டும் வந்தவர்கள் இல்லை. இவர் வளைந்து கொடுக்காதவர் என்று நம்பி வந்தவர்கள். ஒரு பெயரைச் சொன்னதில் அந்த நம்பிக்கையில் கீறல் விழுந்தது. பின்தங்கிய வேட்பாளருக்கு இதுதான் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். முன்னணியில் இருப்பவரிடம் அதிகாரம், பணம், வெற்றி வாய்ப்பு என்று ஆட்களைக் கட்டிவைக்கப் பல கயிறு உண்டு. பின்தங்கியவரிடம் இருப்பது பெரும்பாலும் அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஆகஸ்டில் கான்சஸ் சிட்டியில் மாநாடு கூடியபோது சியர்ஸ் ஒரு விதித் திருத்தம் கொண்டுவந்தார். 16-சி என்று பெயர். அதிபர் வேட்பாளருக்கான வாக்கெடுப்புக்கு முன்பே ஒவ்வொருவரும் தன் துணை வேட்பாளர் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். வெளியே சொன்ன காரணம், பிரதிநிதிகளுக்கு முழு விவரமும் தெரிய வேண்டும் என்பது. உள்ளே இருந்த காரணம், ஃபோர்டும் ஒரு பெயரைச் சொல்லட்டும், யாரையாவது கோபப்படுத்தட்டும் என்பது. யோசித்துப் பாருங்கள். பெயர் சொல்வதால் ஆதரவு கூடும் என்று சியர்ஸ் உண்மையிலேயே நம்பியிருந்தால், எதிராளியையும் அதைச் செய்யச் சொல்லி விதி கொண்டுவருவாரா? பெயர் சொன்னால் நஷ்டம் என்று மூன்று வாரத்தில் அவர் பட்டுத் தெரிந்துகொண்டார். அந்த நஷ்டத்தில் ஃபோர்டுக்கும் பங்கு கொடுக்கப் பார்த்தார்.

ஆகஸ்ட் 17 இரவு அந்தத் திருத்தத்தின் மீது வாக்கெடுப்பு. கெம்பர் அரங்கத்தில் மாநில வாரியாகக் கூப்பிட்டு எண்ணினார்கள். மிசிசிப்பி தன் முறை வந்தபோது பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டது, உள்ளுக்குள் அவ்வளவு சண்டை. கடைசியில் அதுவும் திருத்தத்துக்கு எதிராகத்தான் போனது. சுமார் 110 வாக்கு வித்தியாசத்தில் 16-சி தோற்றது. மறுநாள் இரவு அதிபர் வேட்பாளர் வாக்கெடுப்பில் ஃபோர்டுக்கு 1,187, ரீகனுக்கு 1,070. இரண்டு இரவும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளி. அதற்குப் பிறகுதான் ஃபோர்டு, பாப் டோல் பெயரைச் சொன்னார். அதுவரை அந்த இடத்துக்குக் கனவு கண்ட எத்தனையோ பேர் ஃபோர்டுக்காக வேலை பார்த்து முடித்திருந்தார்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிட்டு 2016-க்குப் போகிறேன். மாநாட்டில் நிலைமை கைமீறியபோது ஷ்வைக்கர், என்னால் உங்களுக்குக் கஷ்டமென்றால் விலகிக்கொள்கிறேன் என்று ரீகனிடம் சொன்னார். ரீகன் ஒப்புக்கொள்ளவில்லை. சேர்ந்து வந்தோம், சேர்ந்தே போவோம் என்றார். 1981-ல் ரீகன் அதிபரானபோது ஷ்வைக்கர் சுகாதாரத் துறைக்கு அமைச்சர், அன்று வர மறுத்த ட்ரூ லூயிஸ் போக்குவரத்துத் துறைக்கு. தேர்வு தப்பாக இருக்கலாம், ரீகன் மனிதர்களை நடத்திய விதத்தில் எனக்கு மரியாதை உண்டு.

சரி, க்ரூஸ். 2016 ஏப்ரல் 19-ல் நியூயார்க்கில் டொனால்ட் ட்ரம்ப் அடித்த அடியில் க்ரூஸ் மூன்றாம் இடத்துக்குப் போனார். ஏப்ரல் 26-ல் பென்சில்வேனியா, மேரிலாந்து, கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட் என்று ஐந்திலும் தோல்வி. அந்த நிலையில், மிச்சமிருந்த அத்தனை பிரதிநிதிகளையும் அள்ளினால்கூட தேவையான 1,237 அவருக்கு எட்டாது. அவருக்கு மிச்சமிருந்த ஒரே வழி, ட்ரம்பையும் அந்த எண்ணைத் தொடவிடாமல் தடுத்து, மாநாட்டில் இரண்டாம் சுற்று வாக்கெடுப்புக்குக் கொண்டுபோவது. அதற்கு மே 3-ல் இண்டியானாவை ஜெயித்தே ஆக வேண்டும்.

ஏப்ரல் 24-ல், போட்டியில் இருந்த இன்னொருவரான ஜான் கேசிக்கோடு ஓர் உடன்பாடு போட்டிருந்தார்: இண்டியானாவில் கேசிக் பிரசாரம் செய்யமாட்டார், பதிலுக்கு ஆரெகனையும் நியூ மெக்சிகோவையும் க்ரூஸ் விட்டுக்கொடுப்பார். மறுநாளே கேசிக், இண்டியானாவில் என் ஆதரவாளர்கள் எனக்கே வாக்களிக்கட்டும் என்று பேசியதில் அது பாதி உடைந்தது. அடுத்து ஏப்ரல் 27-ல் இண்டியானாபொலிஸ் மேடையில் கார்லி ஃபியோரினாவைத் துணை வேட்பாளராக அறிவித்தார். ஃபியோரினா அங்கேயே க்ரூஸின் இரண்டு பெண் குழந்தைகளுக்காகச் சில வரிகள் பாடிக் காட்டினார். காணொளி இன்றும் கிடைக்கிறது. இயல்பான, அன்பான காட்சிதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே க்ரூஸுக்கு வாக்களிக்க இருந்தவர்கள்.

ஃபியோரினா யார்? ஹ்யூலெட் பேக்கர்ட் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி, மேடையில் பிரமாதமாகப் பேசுபவர், அதே போட்டியில் ட்ரம்பின் தரக்குறைவான பேச்சுக்கு நேருக்கு நேர் பதில் கொடுத்தவர். குறை சொல்ல முடியாத ஆள். ஆனால் கணக்கில் பார்த்தால், பிப்ரவரி 10-லேயே போட்டியை விட்டு விலகியவர். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு பிரதிநிதி. மார்ச்சிலேயே க்ரூஸுக்கு ஆதரவும் அறிவித்துவிட்டார், ஆகவே அவரைப் பிடித்தவர்கள் வர வேண்டுமானால் அப்போதே வந்திருப்பார்கள். ஜூன் 7-ல் வாக்களிக்க இருந்த கலிஃபோர்னியாவுக்காக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அங்கே அவர் 2010 செனட் தேர்தலில் பார்பரா பாக்ஸரிடம் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றவர். அதைவிட, கலிஃபோர்னியா வருவதற்குள் இண்டியானாவில் உயிர் தப்ப வேண்டுமே!

இண்டியானாவில் ட்ரம்புக்கு 53 சதவீதம், க்ரூஸுக்கு 37-க்கும் கீழே. 57 பிரதிநிதிகளும் ட்ரம்புக்கு. அன்று இரவே க்ரூஸ் விலகினார். அறிவிப்பிலிருந்து எண்ணினால் ஆறே நாள்.

அவர் இதைச் செய்திருக்க வேண்டிய நேரம் எது என்று கேட்டால், என் பதில்: மார்ச் முதல் வாரம், ஆள் அதே போட்டியில் இருந்த ஃப்ளோரிடா செனட்டர் மார்கோ ரூபியோ. க்ரூஸும் ரூபியோவும் ஜோடி சேர வேண்டும் என்ற பேச்சு அப்போதே பகிரங்கமாக இருந்தது. எண்களைப் பாருங்கள். மார்ச் 5-ல் லூயிசியானாவில் ட்ரம்ப் 41 சதவீதம், க்ரூஸ் 38, ரூபியோ 11. அதே நாளில் கென்டக்கியில் ட்ரம்ப் 36, க்ரூஸ் 32, ரூபியோ 16. மார்ச் 15-ல் மிசூரியில் ட்ரம்புக்கும் க்ரூஸுக்கும் இடையே இரண்டாயிரம் வாக்குகள்கூட வித்தியாசமில்லை. ரூபியோ அங்கே அந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு வாக்கு வாங்கினார். அவருடைய ஆட்கள் எல்லாரும் க்ரூஸிடம் வந்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, சிலர் கேசிக்கிடம் போயிருப்பார்கள், சிலர் ட்ரம்பிடமே போயிருப்பார்கள். ஆனால் அங்கே எண்ணக்கூடிய வாக்கு இருந்தது. ஏப்ரல் கடைசியில் அது இல்லை.

இதில் உள்ள சிக்கலும் உண்மையானது. மார்ச் முதல் வாரத்தில் ரூபியோ தன்னைப் பின்தங்கியவராக நினைக்கவில்லை. தன் சொந்த ஃப்ளோரிடாவை ஜெயிப்போம் என்றே நம்பினார். தோற்று விலகியது மார்ச் 15-ல். வாக்கு கையில் இருப்பவர் இரண்டாம் இடத்துக்கு ஒப்புக்கொள்ளமாட்டார், ஒப்புக்கொள்ளத் தயாராகும்போது கையில் வாக்கு இருக்காது. இந்த முடிச்சு எல்லா வருடமும் உண்டு. 2019 மார்ச்சில் ஜோ பைடன் போட்டிக்கு வரும்போதே ஜார்ஜியா அரசியல்வாதி ஸ்டேசி ஏப்ரம்ஸைத் துணையாக அறிவிக்கலாம் என்று செய்தி அடிபட்டது. பிரைமரியில் யாரும் இரண்டாம் இடத்துக்கு நிற்பதில்லை என்ற பொருளில் ஏப்ரம்ஸ் மறுத்துவிட்டார். நல்ல ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த முடிச்சு உண்மையிலேயே அவிழ்ந்த ஒரு வருடம் 1932. ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அன்று மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முன்னணியில் இருந்தும் மூன்று சுற்றில் அதைத் தொடவில்லை. போட்டியில் இருந்த, அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர் ஜான் கார்னர் கையில் டெக்சாஸும் கலிஃபோர்னியாவும், மொத்தம் 90 வாக்கு. அவர் விட்டுக்கொடுத்தார், நான்காம் சுற்றில் ரூஸ்வெல்ட் ஜெயித்தார், கார்னர் துணை அதிபர் வேட்பாளர் ஆனார். ரூஸ்வெல்ட் பின்தங்கியவர் இல்லை என்பதால் நம் கேள்விக்கு இது நேரடி உதாரணம் ஆகாது. ஆனாலும் அந்த நாற்காலிக்கு உண்மையான விலை எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: 90 வாக்கு, அதுவும் அந்த அரங்கத்திலேயே. இன்று பிரதிநிதிகளில் பெரும்பாலோர் மக்கள் வாக்குக்குக் கட்டுப்பட்டவர்கள். 1952-க்குப் பிறகு இரண்டு பெரிய கட்சிகளிலும் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க எந்த மாநாடும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. அப்படிக் கொடுத்து வாங்க இன்று ஆளே கிடைப்பதில்லை.

பிரைமரி வாக்காளர்களிடமே ஒரு பெயரைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு 1992-ஐச் சொல்லலாம். ஜனநாயகக் கட்சிப் போட்டியில் ஜெரி பிரவுன் மார்ச் 24-ல் கனெக்டிகட்டில் பில் கிளிண்டனைத் தோற்கடித்து எல்லாரையும் அதிர வைத்தார். அடுத்து நியூயார்க். அங்கே பிரவுன், கறுப்பினத் தலைவர் ஜெஸி ஜாக்சனைத் துணை வேட்பாளராக எடுப்பேன் என்று சொல்லிவந்தார். கறுப்பின வாக்காளர்களை ஈர்ப்பது நோக்கம். ஆனால் 1984-ல் ஜாக்சன் யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைப் பயன்படுத்தியதை நியூயார்க் யூதர்கள் மறந்திருக்கவில்லை. ஏப்ரல் 7-ல் கிளிண்டன் ஜெயித்தார். பிரவுன், போட்டியை ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்த பால் சாங்கஸுக்கும் பின்னால் மூன்றாம் இடத்துக்குப் போனார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, அவருடைய வரித் திட்டத்தைக் கிளிண்டன் தரப்பு கிழித்தெடுத்தது. ஆனாலும் இது தெளிவு: பெயரைச் சொன்ன நிமிடம் அந்த ஆளின் பழைய கணக்கெல்லாம் உங்கள் தலையில் எழுதப்படுகிறது. பின்தங்கியவருக்கு அதைத் தீர்க்கப் பணமும் கிடையாது, நாளும் கிடையாது. வேட்புமனு கையில் வந்த பிறகே ஈகிள்டனை அவசரமாகத் துணை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்து, அவர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றது வெளிவந்ததால் பதினெட்டு நாளில் ஆளை மாற்ற வேண்டி வந்த மெக்கவர்னை 1972-ல் பார்த்தோம். பிரசாரத்தின் நடுவில் நாலு பேர் உட்கார்ந்து எவ்வளவு விசாரித்துவிட முடியும்?

முன்னணியில் இருப்பவரையே துணைக்குக் கூப்பிடுவது என்று இன்னொரு விதமும் உண்டு. 2008 மார்ச்சில் ஹிலாரி கிளிண்டன் தரப்பு ஒபாமா நல்ல துணை அதிபராக இருப்பார் என்று பேச ஆரம்பித்தது. ஒபாமா மிசிசிப்பியில் ஒரு கூட்டத்தில், இரண்டாம் இடத்தில் இருப்பவர் முதலிடத்தில் இருப்பவருக்கு எப்படித் துணைப் பதவி தருகிறார் என்று புரியவில்லை என்று கேட்டார். அத்தோடு அது முடிந்தது.

இத்தனை தோல்வியும் சொல்லிவிட்டு, வேலை செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் பைடன் உண்மையிலேயே பின்தங்கியவர். அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம், நெவாடாவில் முன்னணியில் இருந்த பெர்னி சாண்டர்ஸுக்கு வெகுதூரம் பின்னால் இரண்டாம் இடம். பிப்ரவரி 25 இரவு தென் கரோலினா விவாதத்தில், உச்ச நீதிமன்றத்துக்கு முதல் கறுப்பினப் பெண் நீதிபதியை நியமிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த மாநிலத்தின் செல்வாக்குள்ள நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் வற்புறுத்திக் கேட்டிருந்த வாக்குறுதி அது. மறுநாள் கிளைபர்ன் ஆதரவு அறிவித்தார். பிப்ரவரி 29-ல் பைடன் 48 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். அங்கிருந்துதான் எல்லாம் மாறியது. மார்ச் 15-ல், முன்னணிக்கு வந்த பிறகு, துணை வேட்பாளராக ஒரு பெண்ணைத்தான் எடுப்பேன் என்றும் சொன்னார். கமலா ஹாரிஸ் பெயர் வந்ததோ ஆகஸ்ட் 11-ல்.

அவர் செய்ததைக் கவனியுங்கள். ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. இந்த இடம் உங்களுடையது என்று ஒரு பெரிய வாக்காளர் கூட்டத்திடம் சொன்னார், அதுவும் அவர்கள் வாக்களிக்க நாலு நாள் இருக்கும்போது, அவர்கள் நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அந்த இடத்துக்குத் தகுதியான ஒவ்வொரு பெண்ணும், அவரைத் தெரிந்த ஒவ்வொருவரும் அதில் தனக்கும் ஒரு வழி இருப்பதாக நினைக்க முடிந்தது. பெயரைச் சொல்லியிருந்தால் ஒருவருக்குத் திறந்து மற்றவர்களுக்கு மூடியிருப்பார். 2022-ல் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சனை நியமித்து அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். இதை நான் தந்திரம் என்று சொல்லமாட்டேன். கேட்டவர்கள் உண்மையிலேயே கேட்டார்கள், இவர் உண்மையிலேயே கொடுத்தார்.

ஆகவே பின்தங்கிய ஒருவர் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். இன்னும் போட்டியில் இருக்கும் ஒருவர், கையில் வாக்கோடு, இன்றே விலகி உங்களோடு வருகிறேன் என்றால் தயங்காமல் அறிவியுங்கள், ஆனால் பெரிய மாநிலங்கள் வாக்களிப்பதற்கு முன்னால். அப்படி ஆள் இல்லையென்றால் அந்த நாற்காலியைக் காலியாகவே வைத்திருங்கள். காலி நாற்காலியைப் பார்த்து உங்களுக்காக வேலை செய்பவர்கள், அதில் ஒருவர் உட்கார்ந்த பிறகு செய்யமாட்டார்கள்.

இதற்கு 2016 இண்டியானாவிலேயே ஆதாரம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாக்களிக்க இருந்த அந்த மாநிலத்தின் கவர்னர் அப்போது மைக் பென்ஸ். சமயப்பற்றுள்ள பழமைவாதிகளிடம் நல்ல பெயர் உள்ளவர், க்ரூஸுக்குத் தேவைப்பட்ட வாக்காளர்களை நேரடியாக அறிந்தவர். ஏப்ரல் 29-ல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் க்ரூஸுக்கு வாக்களிக்கப்போவதாகச் சொன்னார், கூடவே ட்ரம்பையும் பாராட்டிவைத்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் க்ரூஸ் தன்னிடம் இருந்த ஒரே பெரிய பதவியை ஃபியோரினாவுக்குக் கொடுத்திருந்தார், பென்ஸுக்குத் தர அவரிடம் மிச்சம் ஒன்றுமில்லை. ட்ரம்ப் தன் பக்கத்து நாற்காலியை ஜூலை நடுப்பகுதி வரை காலியாக வைத்திருந்தார். ஜூலை 15-ல் பெயரை அறிவித்தார்: மைக் பென்ஸ்.